ட்ரெய்லர் மாட்டினால் மட்டும் மிஸ் அடிக்கும் பிக்கப்: அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிப்பது

வெறும் வண்டியாக ஓட்டும்போது ஒரு குறையும் தெரியாது. ட்ரெய்லரை மாட்டி ஏற்றத்தில் ஏறத் தொடங்கியதும் பாதி வழியில் இன்ஜின் மிஸ் அடித்து (ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போய்) உதறும், இழுவை விட்டு விட்டு வரும், செக் இன்ஜின் லைட் மின்னும். மேட்டைத் தாண்டி ஆக்சிலரேட்டரைத் தளர்த்தினால் பழையபடி சீராக ஓடும். ஒர்க் ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தி பானெட்டைத் திறந்து காட்டினால், அங்கே மிஸ் அடிக்கவே அடிக்காது. "வண்டி நல்லாத்தான் இருக்கு, லோடைக் குறைச்சுப் பாருங்க" என்று அனுப்பிவிடுவார்கள்.

கம்பெனி அனுமதித்த எடைக்குள்தான் இழுக்கிறீர்கள் என்றால் அந்தப் பேச்சை ஏற்க வேண்டியதில்லை. ட்ரெய்லர் அந்தப் பழுதை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே பாதி செத்திருந்த ஒரு பாகத்தை முழு வேலை செய்யச் சொல்லிக் காட்டிக்கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். மிஸ் எந்த நிலைமையில் வருகிறது, எந்த நிலைமையில் வருவதில்லை என்று கவனித்துக் குறித்துக்கொண்டால், காயில் (பிளக்குக்கு உயர் வோல்ட்டேஜ் கொடுக்கும் சுருள்), பிளக், பம்ப் என்று வரிசையாக மாற்றிப் பணத்தைக் கரைக்காமல் நேராகப் பழுதுள்ள இடத்துக்குப் போய்விடலாம்.

லோடு ஏறினால் உள்ளே என்ன மாறுகிறது

வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும் ஐடிலில், காற்றை உள்ளே விடும் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். சிலிண்டருக்குள் போகும் காற்று கொஞ்சம்தான். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்து த்ராட்டில் அகலமாகத் திறந்ததும் சிலிண்டர் நிறையக் காற்று புகுகிறது. பிஸ்டன் மேலே வந்து அமுக்கும்போது உள்ளே அழுத்தம் பல மடங்கு கூடுகிறது. வாயு அடர்த்தியானால் அதற்குள் பொறி பாய அதிக வோல்ட்டேஜ் தேவை. ஐடிலில் சுமார் 10 ஆயிரம் வோல்ட்டில் பாய்ந்த பொறிக்கு முழு லோடில் 20 ஆயிரத்துக்கு மேல் தேவைப்படலாம். அந்த அளவுக்கு வோல்ட்டேஜ் ஏறும்போது, பிளக்கின் பீங்கானில் மயிரிழை விரிசல் இருந்தாலும், காயிலையும் பிளக்கையும் இணைக்கும் ரப்பர் பூட்டில் ஊசித்துளை இருந்தாலும், மின்சாரம் பிளக் இடைவெளியை விட்டுவிட்டு அந்தக் குறுக்கு வழியில் ஓடிவிடும். பொறி இல்லை, எரிப்பு இல்லை, ஒரு உதறல்.

இரண்டாவது, பெட்ரோலின் அளவு. ஐடிலில் பம்ப் அனுப்ப வேண்டியது ஒரு சொட்டு என்றால் ஏற்றத்தில் ஒரு தாரை. அடைபட்ட ஃபில்டரும் களைத்த பம்பும் முதல் வேலையைச் செய்யும், இரண்டாவதைச் செய்யாது. மூன்றாவது, சூடு. மெதுவாக, நீண்ட நேரம், அதிக ரெவ்வில் இழுக்கும்போது பானெட்டுக்குள் சேரும் சூடு சாதாரண ஓட்டத்தில் வருவதே இல்லை.

பொறி, பெட்ரோல், சூடு. லோடில் மட்டும் வரும் மிஸ்ஸில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றுக்குள் அடங்கும். அதனால்தான் இங்கே அறிகுறிகளையும் கிட்டத்தட்ட அந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

லைட் மின்னுகிறதா, நின்று எரிகிறதா?

எதையும் தேடுவதற்கு முன் இதைப் பாருங்கள். செக் இன்ஜின் லைட் நின்று எரிந்தால் பழுது பதிவாகியிருக்கிறது, நிதானமாகப் பார்க்கலாம். விட்டு விட்டு மின்னினால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்டரைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ் அடிக்கிறது என்று பொருள். எரியாத பெட்ரோல் சைலன்சர் குழாயில் இறங்கி, கன்வெர்டருக்குள் போய் எரியும். உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பகுதி உருகி அடைத்துக்கொள்ளும். ஒரு காயிலோடு முடிய வேண்டிய செலவு பல மடங்காவது இப்படித்தான். லைட் மின்னினால் உடனே மிதியைக் குறையுங்கள், கியரை இறக்கி மெதுவாகப் போங்கள், பாதுகாப்பான இடம் வந்ததும் நிறுத்துங்கள். காய்ந்த புல் மேல் மட்டும் நிறுத்தாதீர்கள். அந்த நேரத்தில் கன்வெர்டர் புல்லைப் பற்றவைக்கும் சூட்டில் இருக்கும்.

குறியீட்டை அழிக்காதீர்கள்

பலர் செய்யும் முதல் தவறு, வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டியதும் "கிளியர்" அழுத்துவது. அழிப்பதற்கு முன் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள் அல்லது போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பி0300 என்றால் பல சிலிண்டர்களில் மாறி மாறி மிஸ். பி0301, பி0302 என்று போனால் கடைசி எண்தான் சிலிண்டர். பி0171, பி0174 கூடவே வந்திருந்தால் முறையே ஒன்றாம், இரண்டாம் பக்கச் சிலிண்டர் வரிசைகளில் கலவை மெலிந்திருக்கிறது, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை. பி0351 முதலான எண்கள் காயில் சர்க்கியூட்டையும், பி0201 முதலானவை பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் சர்க்கியூட்டையும் காட்டுகின்றன. பி0087 வந்தால் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் ஃபியூவல் ரெயிலில் அழுத்தம் போதவில்லை.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஃபிரீஸ் ஃப்ரேம். பழுது பதிவான அந்த நொடியில் இன்ஜின் ரெவ், வண்டியின் வேகம், லோடு சதவீதம், கூலன்ட் சூடு, ஃபியூவல் டிரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவில் செய்யும் கூட்டல் கழித்தல்) எல்லாம் அதில் உறைந்து நிற்கும். லோடு 85 சதவீதம், ரெவ் 2,400, கூலன்ட் சரியான சூட்டில் என்று இருந்தால் ஏற்றத்தில் நடந்தது உறுதி. லோடு 25 சதவீதம் என்று இருந்தால் நீங்கள் உணர்ந்த உதறலும் பதிவான பழுதும் வேறு வேறாக இருக்கலாம்.

கொஞ்சம் நல்ல ஸ்கேனராக இருந்தால் மோடு 6 என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். லைட் எரியும் அளவுக்குப் போகாத மிஸ்களையும் சிலிண்டர் வாரியாக எண்ணி அங்கே வைத்திருக்கும். இன்ஜின் கம்ப்யூட்டர் மிஸ்ஸைக் கண்டுபிடிப்பது கிராங்க் ஷாஃப்ட் சென்சார் மூலம்: ஒவ்வொரு சிலிண்டரும் எரியும்போது கிராங்க் கொஞ்சம் வேகம் பிடிக்க வேண்டும், பிடிக்காவிட்டால் ஒரு எண்ணிக்கை ஏறும். லைட் எரியாமல் லேசாக உதறும் வண்டியில் ஐந்தாம் சிலிண்டருக்கு மட்டும் 40, மற்றவற்றுக்கெல்லாம் 0 என்று இருந்தால் தேட வேண்டிய இடம் தெரிந்துவிட்டது.

50 முதல் 80 கிமீ வேகத்தில் லேசான மிதியில் உதறல், குறியீடு எதுவும் இல்லை

இது பெரும்பாலும் மிஸ்ஸே அல்ல. இன்ஜினையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்டர் பூட்டிக்கொள்ளும்போது அதன் கிளட்ச் வழுக்கிப் பிடித்து வழுக்கிப் பிடித்து உதறும். சாலையோர அதிர்வுப் பட்டை மேல் ஓடுவது போல இருக்கும். இதை மிஸ் என்று நினைத்து எட்டு காயில்களையும் மாற்றியவர்கள் நிறைய.

சோதிப்பது எளிது. உதறல் வரும்போது மிதியை அப்படியே வைத்துக்கொண்டு, இடது காலால் பிரேக் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். டார்க் கன்வெர்டரின் பூட்டு விடுபடும். உதறல் அந்த நொடியே நின்றால் கியர்பாக்ஸ் பக்கம் போங்கள். முதலில் ஆயிலின் நிலையையும் வயதையும் பாருங்கள். ட்ரெய்லரில் மின்சார பிரேக் இருந்தால் பெடலைத் தொட்டதும் அதுவும் பிடித்துக் குழப்பும். அதனால் இதை ட்ரெய்லர் இல்லாமல், லேசான ஏற்றத்தில், பின்னால் வண்டி வராத சாலையில் செய்யுங்கள்.

இன்னொரு குறிப்பு: அதிர்வு வண்டியின் வேகத்தோடு மட்டும் மாறி, கியரை இறக்கி ரெவ்வைக் கூட்டினாலும் அப்படியே இருந்தால் அது டிரைவ் ஷாஃப்ட், யூ-ஜாயிண்ட், டயர் வகை. ட்ரெய்லரின் எடை பிக்கப்பின் பின்பக்கத்தை அமுக்கி டிரைவ் ஷாஃப்ட்டின் கோணத்தை மாற்றும். காலியாக ஓடும்போது தெரியாத தேய்ந்த யூ-ஜாயிண்ட் அப்போது தெரியும்.

முழு மிதியில் ஏற்றத்தில் மிஸ், ஒரே சிலிண்டர்

இதுதான் அதிகம் வருவது, வீட்டிலேயே தீர்க்கக்கூடியதும் இதுதான். சந்தேகம் முதலில் பிளக், பூட், காயில் மூன்றின் மேல்.

காயிலை இடம் மாற்றிப் பாருங்கள். மூன்றாம் சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்றால் அதன் காயிலைக் கழற்றி, கை எட்டும் இன்னொரு நல்ல சிலிண்டரில் வைத்து, அதிலிருந்ததை மூன்றுக்குக் கொண்டுவாருங்கள். குறியீட்டை இப்போது அழிக்கலாம், ஏற்கெனவே எழுதி வைத்தாயிற்று. பிறகு அதே ட்ரெய்லரோடு அதே ஏற்றத்தில் ஓட்டுங்கள். மிஸ் காயிலோடு இடம் மாறினால் காயில். மூன்றிலேயே நின்றால் பிளக்கை இதேபோல் மாற்றுங்கள். அதற்கும் அசையாவிட்டால் இன்ஜெக்டர், அல்லது இன்ஜினின் உள்பக்கம்.

இதில் ஒரே நேரத்தில் ஒரு பொருளைத்தான் மாற்ற வேண்டும். காயிலையும் பிளக்கையும் சேர்த்து மாற்றினால் மிஸ் போகலாம், ஆனால் எது காரணம் என்று தெரியாது. ஒரு முறை ஒரு வண்டியில் காயில், பூட் எல்லாம் புதிதாகப் போட்டும் ஏற்றத்தில் மிஸ் நிற்கவில்லை. கடைசியில் பிளக்கை வெயிலில் பிடித்துத் திருப்பிப் பார்த்தபோது, பீங்கானில் மேலிருந்து கீழாகப் பென்சிலால் இழுத்தது போல ஒரு கறுப்புக் கோடு. பொறி போன தடம் அது. பூட்டின் உள்பக்கத்தில் அதற்கு நேராக இன்னொரு கோடு. அன்றிலிருந்து பிளக்கைக் கழற்றினால் நுனியை மட்டும் பார்த்து வைத்துவிடுவதில்லை. பீங்கானைச் சுற்றிலும் நகத்தால் தடவிப் பார்க்கிறேன். இப்படித் தடம் பதிந்தால் பிளக்கையும் பூட்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒன்றை விட்டால் அதில் இருக்கும் கரித்தடம் புதியதிலும் தடம் போட்டுவிடும்.

பிளக் இடைவெளியைக் கேஜ் வைத்து அளங்கள். நுனி தேயத் தேய இடைவெளி அகலும், தேவைப்படும் வோல்ட்டேஜும் ஏறும். டர்போ இல்லாத பல இன்ஜின்களில் 1.0 முதல் 1.3 மிமீ வரை இருக்கும்; டர்போ இன்ஜின்களில் அழுத்தம் அதிகம் என்பதால் 0.7, 0.8 மிமீ என்று குறுக்கியிருப்பார்கள். உங்கள் இன்ஜினின் அளவை அதன் கையேட்டில் பாருங்கள். பெட்டியிலிருந்து எடுத்த புது பிளக்கையும் அளந்துதான் போட வேண்டும், கீழே விழுந்த பிளக் என்றால் போடவே கூடாது.

பிளக் குழிக்குள் ஆயில் தேங்கியிருந்தால் வால்வ் கவர் கேஸ்கெட் கசிகிறது. ஆயில் பூட்டின் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். கேஸ்கெட்டைச் சரிசெய்யாமல் காயில் மட்டும் மாற்றினால் சில மாதங்களில் அதே இடத்துக்கு வந்து நிற்பீர்கள்.

எளிய சோதனை ஒன்று உண்டு. இருட்டான இடத்தில் இன்ஜினை ஓடவிட்டு, ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து காயில், ஒயர் மேல் லேசாகப் பனி போல அடியுங்கள். கசிவு இருந்தால் நீலப் பொறி கண்ணில் படும் அல்லது இன்ஜின் தடுமாறும். கையை ஃபேன், பெல்ட், காயில் மூன்றிடமிருந்தும் தள்ளி வையுங்கள்.

சில இன்ஜின்களில் பிளக் விஷயத்திலேயே தனிக் கவனம் வேண்டும். ராம் பிக்கப்பின் 5.7 லிட்டர் ஹெமி இன்ஜினில் சிலிண்டருக்கு இரண்டாக மொத்தம் 16 பிளக். அடுத்த வரிசை தெரியாமல் எட்டை மட்டும் மாற்றிவிட்டால் மிஸ் அப்படியே இருக்கும். ஃபோர்டின் 5.4 லிட்டர் மூன்று வால்வ் ட்ரைட்டனில், 2004 முதல் சில வருடங்கள் வந்த இன்ஜின்களில், பிளக் இரண்டு துண்டாகச் செய்யப்பட்டது. கழற்றும்போது கீழ்த்துண்டு ஹெட்டுக்குள்ளேயே ஒடிந்து நிற்கும். கரி கரைக்கும் திரவம் ஊற்றி ஊறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எடுக்கும் பொறுமை இல்லையென்றால் அதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுவது நல்லது.

முழு மிதியில் பல சிலிண்டர்களில் மிஸ், இழுவை காற்றுப்போனது போல் இறங்குகிறது

ஒரு காயில் கெட்டால் ஒரு சிலிண்டர்தான் மிஸ் அடிக்கும். எல்லாம் சேர்ந்து திணறினால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றைத் தேட வேண்டும்: பெட்ரோல் அழுத்தம், அல்லது காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சார்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, அனுபவமுள்ளவர்களும் விழுவார்கள். பொறி இல்லாமல் சிலிண்டர் எரியாவிட்டால் அதிலிருந்த ஆக்சிஜன் அப்படியே சைலன்சருக்குப் போகும். ஆக்சிஜன் சென்சாருக்குத் தெரிவது பெட்ரோல் அல்ல, ஆக்சிஜன்தான். அதனால் "கலவை மெலிவு" என்று சொல்லிவிடும். அதை நம்பி ஃபியூவல் பம்பை மாற்றினால் பழுது அப்படியே இருக்கும். ஆகவே மிஸ் தொடங்கிய பிறகு வரும் எண்ணைப் பார்க்காமல், தொடங்குவதற்கு முந்தைய சில நொடிகளைப் பாருங்கள். ஸ்கேனரில் பதிவு செய்துகொண்டு ஓட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து பின்னோக்கி நகர்த்திப் பார்க்கலாம். ஓட்டும்போது ஸ்கேனரைப் பார்க்காதீர்கள், பார்க்க ஒருவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள்.

மிஸ்ஸுக்கு முன்பே டிரிம் கூட்டல் 10 சதவீதத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் உண்மையான மெலிவு. அது ஐடிலில் அதிகமாகவும் ரெவ் ஏற்றினால் குறைவாகவும் இருந்தால் வாக்குவம் கசிவு, அதாவது அளக்கப்படாத காற்று எங்கோ உள்ளே புகுகிறது. ஐடிலில் சரியாக இருந்து லோடு ஏற ஏற மோசமானால் பெட்ரோல் வரத்து அல்லது எம்ஏஎஃப்.

அந்த இரண்டையும் பிரிப்பது எப்படி? எம்ஏஎஃப் காட்டும் காற்றளவைப் பாருங்கள். முழு மிதியில், ரெவ் உச்சத்துக்கு அருகில், ஒரு வினாடிக்கு இத்தனை கிராம் என்று காட்டும் எண் தோராயமாக இன்ஜினின் குதிரைத்திறனில் ஐந்தில் நான்கு பங்கு இருக்கும். 300 குதிரைத்திறன் என்றால் சுமார் 240 கிராம். மிகக் குறைவாகக் காட்டினால் சென்சார் அழுக்காகியிருக்கலாம். எண்ணெய் தடவிய ஏர் ஃபில்டர் போட்ட வண்டிகளில் அந்த எண்ணெய் சென்சாரின் கம்பியில் படிந்து இப்படி ஆகும். எம்ஏஎஃப்புக்கென்றே விற்கும் கிளீனரால் மட்டும் கழுவி, முழுதாகக் காயவிட்டு மாட்டுங்கள்.

காற்றளவு சரியாக இருந்து கலவை மெலிந்தால் பம்ப், ஃபில்டர் பக்கம். அழுத்தத்தை ஐடிலில் அளந்து திருப்தி அடையாதீர்கள். ரெயிலில் பிரஷர் கேஜ் மாட்ட இடமுள்ள வண்டிகளில், நீள ஹோஸ் கொண்ட கேஜை விண்ட்ஷீல்டின் வெளிப்பக்கம் டேப் போட்டு ஒட்டி, உள்ளிருந்து படித்துக்கொண்டே ஏற்றத்தில் ஓட்டலாம். கேஜைக் கேபினுக்குள் கொண்டுவரக் கூடாது. கசிந்தால் பெட்ரோல் மடியில் கொட்டும். டைரக்ட் இன்ஜெக்ஷன் இன்ஜினில் இந்த வேலையே வேண்டாம், கம்ப்யூட்டர் கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் ஸ்கேனரிலேயே பக்கத்தில் பக்கத்தில் தெரியும். ஏற்றத்தில் இரண்டும் விலகத் தொடங்கிய இடம்தான் பழுது.

பம்பை மாற்றும் முன் அதன் கனெக்டரில் வோல்ட்டேஜ் அளங்கள். பேட்டரியில் 14 வோல்ட், பம்பில் 12 என்றால் பம்பின் மேல் பழி இல்லை, ஒயரிங் அல்லது எர்த் தேய்ந்திருக்கிறது. பிக்கப்பில் இந்த ஒயர்கள் சேஸிஸுக்கு அடியில் சேறும் உப்பும் படும் இடத்தில் ஓடுகின்றன என்பதை நினைவில் வையுங்கள். இன்னொன்று, டேங்கில் கால் பங்குக்குக் கீழே பெட்ரோல் வைத்துக்கொண்டு பாரம் இழுக்காதீர்கள். பம்பைக் குளிர வைப்பதே அதைச் சூழ்ந்த பெட்ரோல்தான்.

அரைமணி நேரம் இழுத்த பிறகு மட்டும் வருகிறது, நிறுத்தி ஆறவைத்தால் போய்விடுகிறது

சூட்டில் கெடும் பாகம். காயிலின் உட்சுற்று சூடானால் விரிந்து தொடர்பை இழக்கும், ஆறினால் சேரும். கிராங்க் சென்சாரும் இதே குணம் உள்ளது. இரண்டையும் பிரிக்க, பழுது வரும்போது ரெவ் காட்டும் முள்ளைப் பாருங்கள். இன்ஜின் சுற்றிக்கொண்டிருக்கும்போதே முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் கிராங்க் சென்சார் அல்லது அதன் ஒயர்.

கூலன்ட் சூட்டையும் பாருங்கள். பாரம் இழுக்கும்போது மட்டும் சூடு ஏறி, சூட்டோடு மிஸ் வந்தால் ரேடியேட்டர், ஃபேன் கிளட்ச், தெர்மோஸ்டாட் என்று வேறு வழியில் தேட வேண்டும். அப்படிச் சூடேறும்போது 'டக் டக்' என்று நாக்கிங் சத்தம் கேட்டால் கம்ப்யூட்டர் பொறியின் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளிச் சக்தியைக் குறைக்கும். ஓட்டுபவருக்கு அது மிஸ் போலத் தெரியலாம். கையேட்டில் பாரம் இழுக்க உயர் ஆக்டேன் பெட்ரோல் போடச் சொல்லியிருந்தால் ஒரு டேங்க் போட்டுப் பாருங்கள்.

ஈரமான நாளில், சீராக நெடுந்தூரம் ஓடி, திடீரென்று முழுதாக மிதித்ததும்

டர்போ வண்டிகளுக்கே உரிய அறிகுறி. காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும்போது டர்போ அனுப்பும் காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலருக்குள் தண்ணீர் படிந்து தேங்கும். மெதுவாக ஓடும்வரை அது கீழே கிடக்கும். முந்துவதற்காக மிதித்ததும் காற்றின் வேகம் அதை அள்ளிக்கொண்டுபோய்ச் சிலிண்டரில் போடும், பல சிலிண்டர்கள் ஒரே நேரத்தில் மிஸ் அடிக்கும். 2011 முதல் 2013 வரை வந்த ஃபோர்டு எஃப்-150 3.5 லிட்டர் இகோபூஸ்ட்டில் இது பலருக்கு வந்து, கம்பெனியே அதற்குச் சர்வீஸ் அறிக்கைகள் வெளியிட்டது. டர்போ காற்று வரும் பூஸ்ட் குழாயைக் கழற்றினால் உள்ளே தண்ணீர் தெரியும். அதோடு பிளக் இடைவெளி அகன்றிருந்தால் கொஞ்சத் தண்ணீருக்கே மிஸ் அடிக்கும்.

ட்ரெய்லரின் ஒயரைச் செருகினால் மட்டும்

அரிது, ஆனால் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். ஒயரைக் கழற்றிவிட்டு, அல்லது வண்டியை நிறுத்திவைத்து ஒயரை மட்டும் செருகி, விளக்குகளைப் போட்டுப் பாருங்கள். ஒயரைச் செருகியதும் இன்ஜின் தடுமாறினால் ட்ரெய்லர் பக்கம் ஷார்ட் அல்லது பிக்கப்பின் பின்பக்க எர்த் கெட்டிருக்கிறது. ஆல்டர்னேட்டர் வோல்ட்டேஜ் விழுகிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள்.

லோடில் மோசம், ஆனால் ஐடிலிலும் லேசாக மிஸ்

காயில், பிளக், இன்ஜெக்டர் எல்லாம் இடம் மாற்றியும் மிஸ் அதே சிலிண்டரில் நிற்கிறதா? கம்ப்ரஷன் கேஜை எடுங்கள். பெட்ரோலையும் காயிலையும் துண்டித்து, த்ராட்டிலை முழுதாகத் திறந்து, ஒவ்வொரு சிலிண்டரையும் சம அளவு சுற்றி அளங்கள். மிகக் குறைந்தது மிக உயர்ந்ததில் முக்கால் பங்குக்குக் கீழே இருந்தால் பழுது உள்ளே. ஒரு ஸ்பூன் ஆயில் விட்டதும் அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வ் அல்லது கேஸ்கெட்.

சிலிண்டர்களை அணைத்து பெட்ரோல் மிச்சம் செய்யும் ஜிஎம் 5.3 லிட்டர் வி8 இன்ஜின்கள் பலவற்றில் மிஸ் அடிப்பது 1, 4, 6, 7 ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால், அணையும் சிலிண்டர்கள் அவைதான் என்பதால், அங்கே வால்வைத் தூக்கும் லிஃப்டர் சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். கூடவே 'டிக் டிக்' சத்தம் இருந்தால் அப்படியே ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள், கேம் ஷாஃப்ட்டும் சேர்ந்து போய்விடும்.

கூலன்ட் காரணம் தெரியாமல் குறைகிறது, காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில நொடி மிஸ், ஒரு பிளக் மட்டும் கழுவி வைத்தது போல் பளிச்சென்று இருக்கிறது என்றால் ஹெட் கேஸ்கெட். ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவம் மஞ்சளானால் எரிந்த வாயு கூலன்டில் கலக்கிறது என்று உறுதி. அந்த வண்டியில் பாரம் இழுப்பதை அன்றே நிறுத்துங்கள்.

மிஸ் குறைவு, சக்திதான் இல்லை. ரெவ் ஏற மறுக்கிறது

பழைய மிஸ்ஸால் உருகிய கேட்டலிடிக் கன்வெர்டர் இப்போது மூச்சை அடைக்கிறது. முன்பக்க ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் கேஜ் மாட்டி, 2,500 ரெவ்வில் பாருங்கள். 3 பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் அடைப்பு. கன்வெர்டரை மட்டும் மாற்றி, அதை உருக்கிய மிஸ்ஸை விட்டுவிட்டால் புதியதும் உருகும்.

டீசல் பிக்கப் என்றால்

பொறி கிடையாது, ஆகவே மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. புகையின் நிறம் வழிகாட்டும். லோடில் கறும்புகையோடு சக்தி குறைந்தால் பூஸ்ட் ஹோஸ் விலகியிருக்கிறது அல்லது இன்ஜெக்டர் ஒழுகுகிறது. வெண்புகையோடு மிஸ் என்றால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது. முதலில் ஃபியூவல் ஃபில்டரையும் அதில் தேங்கும் தண்ணீரையும் பாருங்கள். லோடில் மிஸ் அடிக்கும் டீசலில் இந்த ஒரு வேலையிலேயே பல வண்டிகள் சரியாகிவிடும். அதற்கு அப்புறம் ஸ்கேனரில் சிலிண்டர் பங்களிப்புச் சோதனை, இன்ஜெக்டரின் ரிட்டர்ன் (பயன்படாமல் டேங்குக்குத் திரும்பும் டீசல்) அளவு. ஒன்றின் ரிட்டர்ன் மட்டும் மற்றவற்றைவிட அதிகம் என்றால் அதுதான்.

காமன் ரெயில் டீசலில் இன்ஜின் ஓடும்போது எந்தப் பைப்பையும் தளர்த்தாதீர்கள், கசிவைக் கையால் தேடாதீர்கள். உள்ளே அழுத்தம் 1,500 பாருக்கு மேலும் போகலாம். கண்ணுக்குத் தெரியாத தாரை தோலைத் துளைத்து டீசலைச் சதைக்குள் செலுத்தும். சின்னக் காயம் போலத் தெரியும், விரலையே இழக்க நேரிடும். கசிவு சந்தேகம் இருந்தால் அட்டைத் துண்டு ஒன்றை நீட்டிப் பாருங்கள். டீசல் தோலுக்குள் போய்விட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரிசெய்த பிறகு

மிஸ் வந்த அதே ஏற்றம், அதே ட்ரெய்லர், முடிந்தால் அதே எடை. இரண்டு முறை ஏறி இறங்கிவிட்டு மோடு 6 எண்ணிக்கையைத் திறந்து பாருங்கள். எல்லாச் சிலிண்டருக்கும் 0 அல்லது ஒற்றை இலக்கம் வந்தால் சரி. ஒன்று மட்டும் இன்னும் 15, 20 என்று நின்றால், ஓட்டம் சீராகத் தெரிந்தாலும் அந்தச் சிலிண்டரைத் திரும்பப் பாருங்கள். ஃபியூவல் டிரிம் பழைய நிலைக்கு இறங்க நூறு கிலோமீட்டர் வரை ஆகலாம், அதற்குள் கவலைப்பட வேண்டாம்.

மிஸ்ஸோடு பல நாள் ஓடிய வண்டி என்றால் டிப் ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கியிருந்தால் வாடை அடிக்கும், மட்டமும் ஏறியிருக்கும். அப்படி இருந்தால் அடுத்த பாரம் ஏற்றுவதற்கு முன் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.